மட்டாஞ்சேரியின் அமைதி: ஒரு நிழற்படம் சொல்லாதவை

கொச்சிக் கோட்டைப் பகுதியையும் மட்டாஞ்சேரியையும் படமெடுப்போர் பெரும்பாலும் ஒரே காட்சியைத் தேடுகின்றனர்: ஆளற்ற காலைத் தெரு, ஓட்டுக் கூரை, வெள்ளைச் சுவர், மரச் சாளரம். அமைதியான ஐரோப்பியச் சிற்றூர் ஒன்று அரபிக்கடலோரம் தங்கிவிட்டது என்ற எண்ணத்தை அப்படங்கள் தருகின்றன. நானும் அத்தகைய படங்களை எடுத்திருக்கிறேன். ஆயினும் அவற்றில் தெரியும் ஐரோப்பியச் சாயலும் அமைதியும் அக்கட்டடங்களின் இயல்புகள் என்று கொள்வது பிழை. இரண்டுக்கும் வரலாற்றுக் காரணங்கள் உண்டு.

முதலில் பெயர். ‘டச்சு அரண்மனை’ என வழங்கும் மட்டாஞ்சேரி அரண்மனையை 1555 அளவில் கட்டிக் கொச்சி அரசருக்கு அளித்தவர்கள் போர்த்துகீசியர். 1663இல் கொச்சியைக் கைப்பற்றிய டச்சுக்காரர் அதனைப் புதுப்பித்தனர். புதுப்பித்தவர் பெயரே நிலைத்துவிட்டது. உள்ளேயோ நடுமுற்றம் சூழ்ந்த கேரளத்து நாலுகெட்டு அமைப்பு; முற்றத்தில் பழயன்னூர் பகவதி கோயில்; அறைச் சுவர்களில் இராமாயண ஓவியங்கள். வெளியே நின்று எடுக்கும் படத்தில் இவற்றுள் எதுவும் இல்லை. படம் பெயரை மெய்ப்பிப்பதுபோல் தோன்றுவது அதனால்தான்.

அரண்மனைக்கு மிக அருகே 1568இல் எழுந்த பரதேசி யூதத் தொழுகைக்கூடம் நிற்கிறது. இன்றைய தமிழ்ப் பேச்சில் ‘பரதேசி’ வசைச்சொல். இங்கோ அது பிற தேசத்திலிருந்து வந்தவர் என்னும் மூலப்பொருளில், மலபார் யூதர்களிடமிருந்து பின்வந்தோரைப் பிரித்துக் காட்டும் சொல். இக்கூடத்தின் மணிக்கூண்டை 1760இல் எசக்கியேல் ரகபி எழுப்பினார். அதன் முகப்புகளுள் தொழுகைக்கூடத்தை நோக்கியதில் எபிரேய எண்கள்; அரண்மனையை நோக்கியதில் மலையாள எண்கள்; மற்றொன்றில் ரோமானிய எண்கள். வெவ்வேறு எழுத்து மரபினர் ஒரே நேரத்தை வாசித்த இடம் இது. எத்திசையில் நின்றாலும் இம்மூன்றையும் ஒரு படத்துள் அடக்க இயலாது.

இனி அமைதி. 1948இல் இஸ்ரேல் தோன்றியபின், குறிப்பாக 1950களில், கொச்சி யூதர்களுள் பெரும்பாலோர் அங்குக் குடிபெயர்ந்தனர். எஞ்சியோரும் அடுத்தடுத்த பத்தாண்டுகளில் அருகினர். இருபதாம் நூற்றாண்டின் முற்பாதியில் வெலிங்டன் தீவு உருவாகி, நவீனத் துறைமுகம் அங்கு அமைந்தபின் மட்டாஞ்சேரிக் கரையின் வணிக முதன்மையும் குறைந்தது. ஆகவே யூதத் தெருவின் படத்தில் நாம் காணும் வெறுமை, பழைய ஐரோப்பிய நாட்களின் எச்சமன்று. அண்மைக் காலத்து இடப்பெயர்வுகளின் விளைவு. டச்சுக் காலத்தில் இங்கே மிளகு மூட்டைகளும் பல மொழிப் பேரங்களும் நிறைந்திருந்தன.

சட்டகத்துக்கு வெளியே இன்றும் ஓசை உண்டு. கோட்டைப் பகுதியின் வேளியில் தமிழ் வண்ணார் சமூகத்தினரின் சலவைக்கூடம் இருக்கிறது. டச்சுப் படைவீரரின் சீருடைகளை வெளுக்கத் தம் முன்னோர் தமிழகத்திலிருந்து அழைத்து வரப்பட்டனர் என்பது அவர்கள் வழிவழியாகச் சொல்லிவரும் செய்தி. இன்றுள்ள கட்டடம் 1970களைச் சேர்ந்தது. பழமையின் அழகைத் தேடும் கேமரா அதனிடம் நிற்பதில்லை. ஆயினும் டச்சு ஆட்சியின் அன்றாடத்தை அறிய அரண்மனைச் சுவரைவிட அக்கல்தொட்டிகளும் துணி உலரும் கொடிகளும் கூடுதலாக உதவக்கூடும்.

கட்டடங்களை ஆவணப்படுத்தும் மாணவர்களுக்கு என் வேண்டுகோள் எளியது. படத்துடன் நாள், நேரம், நின்ற திசை ஆகியவற்றைக் குறியுங்கள். கட்டியவர், புதுப்பித்தவர், இன்று புழங்குபவர் ஆகியோரைத் தனித்தனியே எழுதுங்கள். பிறகு கேமராவை எதிர்ப்புறம் திருப்பி இன்னொரு படம் எடுங்கள். இரண்டையும் சேர்த்தே வைத்திருங்கள்.