கோபுரம் இல்லாத கடாரத்துக் கோயில்

கேமரன் மலை, லெம்பா பெர்த்தாம் பக்கத்துத் தேயிலைத் தோட்டப் பிள்ளைகளிடம் ஒரு கோயிலை வரையச் சொன்னால் முதலில் கோபுரத்தைத்தான் வரைவார்கள். அதில் வியப்பில்லை. இந்நாட்டுத் தோட்டங்களில் அத்தாப்புக் கூரையிலும் தகரக் கூரையிலும் தொடங்கிய எத்தனையோ கோயில்கள், கையில் காசு சேர்ந்ததும் தமிழகத்துச் சிற்பிகளை வரவழைத்து வண்ணக் கோபுரம் எழுப்பிக் கொண்டன. நம்மவர் கண்ணுக்குக் கோபுரமும் சிலையும் இருந்தால்தான் அது கோயில்.

இந்தக் கண்ணோடு கெடாவுக்குப் போகிறவர்களுக்கு அங்கே ஓர் ஏமாற்றம் காத்திருக்கிறது.

லெம்பா என்றால் மலாயில் பள்ளத்தாக்கு. பகாங்கில் லெம்பா பெர்த்தாம் இருப்பது போல, கெடாவில் குனோங் ஜெராய் மலையடிவாரத்தில் இருக்கிறது லெம்பா பூஜாங். பள்ளி விடுமுறையில் பேருந்து அமர்த்தி வடக்கே போகிற குடும்பங்கள் பலவும் பினாங்கு தண்ணீர்மலை முருகனோடு திரும்பி விடுகின்றன. இன்னும் சற்றுத் தூரம் போய், சுங்கை பட்டாணியைத் தாண்டி மெர்போக்கை அடைந்தால், இந்த நாட்டில் எஞ்சியுள்ள மிகப் பழைய இந்து ஆலயச் சின்னங்களைப் பார்க்கலாம். 1980இல் திறக்கப்பட்ட தொல்பொருள் அருங்காட்சியகமும் அங்கேதான் உள்ளது.

அவற்றுள் பெரியது சண்டி புக்கிட் பத்து பஹாட். பழைய வழிபாட்டுக் கட்டடங்களை மலாயில் சண்டி என்பார்கள். அருவி ஓடும் சரிவில், அடுக்கிய கருங்கற்களால் ஆன ஒரு மேடை. அவ்வளவுதானா என்று பிள்ளைகள் கேட்பார்கள். பெரியவர்களும் கேட்பதுண்டு.

கொஞ்சம் நின்று பார்த்தால்தான் கல் பேசத் தொடங்கும். ஒரு பக்கம் உயர்ந்து நிற்பது விமானம், அதாவது கருவறையின் அடித்தளம். அதன் முன்னே நீளும் தாழ்ந்த தளம் மண்டபம். தஞ்சைப் பெரிய கோயிலில் உள்ள அதே இரண்டு உறுப்புகள் இங்கே சிறிய அளவில் இருக்கின்றன. தூண்களைத்தான் காணவில்லை. தூண் நிறுத்திய கல் பீடங்கள் மட்டும் வரிசையாக இருக்கின்றன. மேலே நின்றவை மரத்தூண்கள், கூரையும் மரத்தால் ஆனது என்பது ஆய்வாளர்கள் கருத்து. இந்த மழையிலும் வெயிலிலும் மரம் எத்தனை நூற்றாண்டு தாங்கும்? மரம் மண்ணோடு போக, கல் நின்றது. கடாரத்துக் கோயிலுக்குக் கல் கோபுரம் இல்லாததைக் குறை என்று நினைக்க வேண்டியதில்லை. காடு நிறைந்த நாட்டில் உள்ளூர்த் தச்சர்களின் கைவண்ணம் அது. தமிழகத்து அமைப்பும் இந்த மண்ணின் வேலைப்பாடும் அதில் சேர்ந்திருக்கின்றன.

காட்டுக்குள் கிடந்த இந்த இடத்தை 1936, 1937 ஆண்டுகளில் ஆய்வு செய்தவர் ஆங்கிலேயரான குவாரிட்ச் வேல்ஸ். அவரும் துணைவியார் டோரதியும் இப்பள்ளத்தாக்கில் சுமார் 30 இடங்களை எண்ணிட்டுப் பதிவு செய்தார்கள். புக்கிட் பத்து பஹாட் அதில் 8ஆம் எண். பிறகு 1959, 1960இல் அலஸ்டேர் லேம்ப் தலைமையில் அதைச் சீரமைத்தபோதுதான் அரிய செய்தி ஒன்று வெளிவந்தது. அடித்தளத்துக்குள் சிறு சிறு கற்பேழைகள் புதைக்கப்பட்டிருந்தன. பேழைக்குள் ஒன்பது குழிகள். அவற்றில் பொன், வெள்ளித் தகடுகளும் மணிகளும் இருந்தன. ஆகமம் அறிந்தவர்களுக்கு இது புதிதல்ல. கோயில் கட்டும்போது கருவறைக்கு அடியில் இப்படி வைப்பதைக் கர்ப்பந்யாசம் என்பார்கள். கட்டியவர்களின் பெயர் எந்தக் கல்லிலும் இல்லை. ஆனால், சடங்கு முறை தெரிந்த ஒருவர் அன்று அந்த மேட்டில் நின்றிருக்கிறார் என்பதில் ஐயமில்லை.

சிற்பம் பார்க்க வேண்டுமென்றால் அருங்காட்சியகத்துக்குள் போக வேண்டும். விநாயகர், மகிஷாசுரமர்த்தினி சிற்பங்களின் சிதைந்த பகுதிகள் அங்கே உள்ளன. அபிஷேக நீர் வெளியேறும் கல் கோமுகி பார்க்க வேண்டிய ஒன்று. பௌத்தச் சின்னங்களும் இதே பள்ளத்தாக்கில் கிடைத்தவைதான். சைவமும் பௌத்தமும் ஒரே துறைமுகத்தில் குடியிருந்தன.

இங்கே ஒன்றைச் சொல்லியாக வேண்டும். மேடையேறும் நம்மவர் பலர், இக்கோயிலை ராஜேந்திர சோழன் கட்டினான் என்று முழங்குகிறார்கள். கைதட்டலும் விழுகிறது. அதற்குச் சான்று கிடையாது. 1025இல் ராஜேந்திரனின் கடற்படை வந்ததும், கடாரத்து மன்னன் சங்கிராம விஜயோத்துங்கவர்மனை வென்றதும் தஞ்சைக் கல்வெட்டில் உள்ளவை. ஆனால், அதற்கு முன்பே வேறொரு உறவு இருந்தது. ராஜராஜன் காலத்தில் கடாரத்து அரசர் நாகப்பட்டினத்தில் ஒரு பௌத்த விகாரம் எழுப்பினார். சோழன் அதற்கு ஆனைமங்கலம் கிராமத்தை அளித்தான். லெய்டன் செப்பேடுகள் சொல்லும் செய்தி இது. வென்ற கதையை விட, ஒருவர் ஊரில் இன்னொருவர் வழிபாட்டுத் தலம் கட்ட இடம் கொடுத்த கதை பிள்ளைகளுக்குச் சொல்லத் தக்கது. அதைத்தான் யாரும் சொல்வதில்லை.

2013 என்றால் லெம்பா பெர்த்தாம் மக்களுக்கு முதலில் நினைவுக்கு வருவது வெள்ளம். அவ்வாண்டு அக்டோபர் 23 அதிகாலை ரிங்லெட் அணை நீர் திறந்துவிடப்பட்டு உயிர்கள் போயின. அதே ஆண்டின் இறுதியில் கெடாவிலிருந்து வந்த செய்தி பலர் காதில் விழாமலே போனது. வேல்ஸ் 11ஆம் எண்ணிட்டுப் பதிவு செய்திருந்த சுங்கை பத்து சண்டி, நில மேம்பாட்டுப் பணியில் இயந்திரங்களால் இடிக்கப்பட்டுவிட்டது. பொதுமக்கள் கொதித்தார்கள், நாடாளுமன்ற உறுப்பினர்கள் கேள்வி எழுப்பினார்கள். கிடைத்த விளக்கம் இதுதான்: அது தனியார் நிலம், பாரம்பரிய இடமாக அரசிதழில் அறிவிக்கப்படவில்லை.

2005ஆம் ஆண்டின் தேசியப் பாரம்பரியச் சட்டம் அப்போது நடப்பில் இருந்தது. ஆனால், அறிவிக்கப்படாத இடத்துக்குச் சட்டத்தின் கை எளிதில் எட்டாது. தோட்டத்து மக்களுக்கு இந்த விளக்கம் பழகிய ஒன்று. தோட்டங்கள் கைமாறிய போதெல்லாம், பாட்டன் காலத்துக் கோயிலின் நிலப்பட்டா எங்கே என்றுதான் முதலில் கேட்டார்கள். பட்டா இல்லாத கோயில்கள் இடம் மாறின, சில இல்லாமலே போயின. ஆயிரம் ஆண்டுக் கோயிலாக இருந்தாலும் காகிதம்தான் பேசுகிறது.

இன்று மெர்போக் போகிறவர்கள் புக்கிட் பத்து பஹாட்டை அது எழுந்த இடத்திலேயே பார்க்கலாம். பெங்காலான் பூஜாங், பெண்டாங் டாலாம் ஆகிய இடங்களிலிருந்து பெயர்த்துக் கொண்டுவந்து அடுக்கிய சண்டிகளும் அருகில் உள்ளன. 11ஆம் எண் சண்டியைத் தேடுகிறவர்களுக்கு மிஞ்சியிருப்பவை வேல்ஸின் குறிப்புகளும் பழைய படங்களும்தான்.