கைக்கு அடங்கிய வண்டி

பழைய பொருள்களைப் போற்றுவதில் மக்களுக்கு எக்காலத்தும் ஒரு தனி விருப்பம் உண்டு. பழங்காசுகளைச் சேர்ப்போர் சிலர். ஓலைச்சுவடிகளைத் தேடித் திரிவோர் சிலர். ஆனால் பழங்காசைப் பேழையில் வைத்துப் பார்த்து மகிழலாமேயன்றி, அதைக் கொடுத்துக் கடையில் ஒரு பிடி உப்பும் வாங்க இயலாது. பழைய மோட்டார் வண்டி அத்தகையதன்று. நூறு ஆண்டுகளுக்கு முன் செய்த வண்டியில் இன்றும் ஏறி அமர்ந்து, பெட்ரோல் ஊற்றி, சாலையில் ஓட்டிச் செல்லலாம்.

தலைநகராகிய டில்லியில் 'ஸ்டேட்ஸ்மன்' நாளிதழ் 1964ஆம் ஆண்டில் பழங்கால மோட்டார் வண்டிகளின் ஓட்டம் ஒன்றைத் தொடங்கியது. அத்தகைய ஓட்டங்களைக் கண்டவர்கள், அவ்வண்டிகளுக்கு உரியவர்களின் முகத்தில் தோன்றும் பெருமிதத்தையும் கண்டிருப்பார்கள். அந்தப் பெருமிதத்திற்குக் காரணம் யாது? வேகம் அன்று, இன்றைய சிறிய கார் ஒன்று அவற்றை எளிதில் முந்திவிடும். வசதியும் அன்று, வெயிலும் மழையும் புழுதியும் தாராளமாக உள்ளே வரும். இக்கேள்விக்கு விடை காண, அமெரிக்காவில் பிறந்து உலகெங்கும் பரவிய ஒரு வண்டியின் வரலாற்றைச் சற்று நோக்குவோம். ஃபோர்டு கம்பெனியார் செய்த 'மாடல் டி' என்பதே அவ்வண்டி. 'டின் லிஸ்ஸி', அதாவது 'தகர லிஸ்ஸி' என்று அமெரிக்க மக்கள் அதற்குச் செல்லப்பெயர் இட்டிருந்தார்கள்.

ஹென்றி ஃபோர்டு 1863ஆம் ஆண்டில் மிச்சிகன் மாநிலத்தில் ஒரு குடியானவர் வீட்டில் பிறந்தவர். நிலத்தில் உழைப்போரின் பாடு எத்தகையது என்பதை இளமையிலேயே அறிந்தவர். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மோட்டார் வண்டி என்பது செல்வரின் விளையாட்டுப் பொருளாகவே இருந்தது. கிராமத்துச் சாலைகளோ மழைக்காலத்தில் சேறும், கோடையில் புழுதியுமாகக் கிடந்தன. பக்கத்து ஊர்ச் சந்தைக்குப் போவதும் மருத்துவரை அழைத்து வருவதும் பெரும் முயற்சியாக இருந்த காலம் அது. அத்தகைய சாலையிலும் ஓடக்கூடியதாய், சாதாரண மனிதன் வாங்கக்கூடியதாய், அவனே பழுது பார்க்கக்கூடியதாய் ஒரு வண்டி வேண்டும் என்ற எண்ணத்துடன் டெட்ராய்ட் நகரத்தின் பிக்கெட் அவென்யூ தொழிற்சாலையில் 'மாடல் டி' உருவாயிற்று. 1908ஆம் ஆண்டு அக்டோபர் மாதம் அது விற்பனைக்கு வந்தது. ஐவர் அமரக்கூடிய திறந்த வண்டியின் விலை 850 டாலர்.

வண்டியின் அமைப்பிலேயே மேற்கூறிய நோக்கம் விளங்கும். வனேடியம் கலந்த எஃகினால் பல பாகங்களைச் செய்தமையால் எடை குறைந்தது, உறுதி குறையவில்லை. பள்ளத்திலும் மேட்டிலும் அடிப்பாகம் தட்டாதவாறு தரையிலிருந்து உயர்ந்து நின்றது. எஞ்சினின் நான்கு சிலிண்டர்களும் ஒரே வார்ப்பாக அமைந்திருந்தன. அவற்றின் தலைப்பகுதியைத் தனியே கழற்றி எடுத்துவிடலாம். உள்ளே படிந்த கரியைச் சுரண்டித் துடைக்க வேண்டுமானால், வீட்டுக் கொட்டகையிலேயே அந்த வேலையை முடித்துக்கொள்ளலாம். எஞ்சினின் ஆற்றல் 20 குதிரைச் சக்தி. நல்ல சாலையில் மணிக்கு 40 முதல் 45 மைல் வரை ஓடும்.

இவ்வண்டியைக் கிளப்புவதே ஒரு கலை. முதலில் முன் இருக்கையைத் தூக்கி, அதன் அடியிலுள்ள தொட்டிக்குள் ஒரு குச்சியை விட்டுப் பெட்ரோலின் அளவைப் பார்த்துக்கொள்ள வேண்டும். அளவு காட்டும் முள் கிடையாது. அடுத்து, கைப்பிரேக்கைப் பின்னுக்கு இழுத்து நிறுத்த வேண்டும். இதை மறந்தால், எஞ்சின் கிளம்பியவுடன் வண்டி எதிரே நிற்பவர் மீதே ஏறிவிடும். ஸ்டீயரிங் சக்கரத்தின் கீழே இருபுறமும் இரண்டு சிறு நெம்புகோல்கள் உண்டு. வலப்புறம் உள்ளது எஞ்சினின் வேகத்தைக் கூட்டவும் குறைக்கவும் பயன்படுவது. இடப்புறம் உள்ளது சிலிண்டருக்குள் தீப்பொறி எழும் நேரத்தை முன்பின்னாக மாற்றுவது. தீப்பொறியைத் தாமதப்படுத்திவிட்டுத்தான் வண்டியின் முன்னால் சென்று ஹாண்டில் போட வேண்டும். அவ்வாறு செய்யாமல் சுழற்றினால் எஞ்சின் எதிர்த்து உதைக்கும். அதனால் கை எலும்பு முறிந்தவர் அந்நாளில் பலர். அனுபவம் உள்ளவர்கள் கட்டைவிரலை மற்ற விரல்களோடு ஒரே பக்கமாக வைத்துக்கொண்டு, இடக்கையால் ஹாண்டிலைக் கீழிருந்து மேல்நோக்கி ஒரே இழுப்பாக இழுப்பார்கள். எஞ்சின் உயிர்பெற்றதும் ஓடிவந்து நெம்புகோல்களைச் சரிசெய்ய வேண்டும். 1919 முதல் மின்சார ஸ்டார்ட்டர் கிடைத்தது. ஆயினும் இன்றுள்ள உரிமையாளர்களிலும் ஹாண்டில் போட்டுக் கிளப்புவதையே விரும்புவோர் உண்டு.

ஓட்டும் முறையும் இக்கால முறையினின்று முற்றிலும் வேறுபட்டது. காலடியில் மூன்று மிதிகள் உள்ளன. இடப்புற மிதியை முழுதும் அழுத்தினால் வண்டி முதல் கியரில் மெல்ல நகரும். பாதியளவு விட்டால் எஞ்சின் தனித்து ஓடும். கைப்பிரேக்கை முன்னே தள்ளி, மிதியை முழுதும் விட்டுவிட்டால் இரண்டாவது கியரில் விரையும். நடுவில் உள்ள மிதி பின்னோக்கிச் செல்வதற்கு உரியது. வலப்புறம் இருப்பது பிரேக்கு. ஆகவே, வேகம் கூட்டுவதாக எண்ணி வலது காலை அழுத்தும் இக்கால ஓட்டுநர், வண்டி நின்றுவிடுவதைக் கண்டு திகைப்பார். ஓரிரு நாள் பழகிய பின் கையும் காலும் தாமாகவே இயங்கத் தொடங்கும். மேடு வருவதை எஞ்சினின் ஓசை சொல்லும்; தீப்பொறியின் நேரத்தை விரல் மாற்றும். மரப்பெட்டிக்குள் அமைந்த நான்கு காயில்களும் வண்டுபோல் ரீங்காரம் செய்துகொண்டே இருக்கும். அந்த ஒலியில் ஒன்று தடுமாறினாலும் எந்தச் சிலிண்டரில் குறை என்று தேர்ந்த செவி ஆராயத் தொடங்கிவிடும்.

குறைகளும் இல்லாமல் இல்லை. தொட்டியிலிருந்து பெட்ரோல் தன் எடையினாலேயே கார்புரேட்டருக்கு வழிந்து செல்லும். செங்குத்தான மேட்டில் ஏறும்போது முன்பக்கம் உயர்ந்துவிடுமாதலால், தொட்டியில் பெட்ரோல் குறைவாக இருந்தால் எஞ்சினுக்கு வந்து சேராது. அப்போது ஓட்டுபவர் என்ன செய்வார்? வண்டியைத் திருப்பிப் பின்பக்கமாகவே மேட்டின் உச்சிக்கு ஏற்றிச் செல்வார்! பின்னோக்கிச் செல்லும் கியருக்கு இழுவை மிகுதி. அதனால் இது நல்ல உபாயமாகவும் இருந்தது. காரணம் அறிந்தவனுக்குக் குறையும் ஒரு வேடிக்கையாகிவிடுகிறது.

அமெரிக்கக் குடியானவர்கள் இந்த வண்டியின் இயல்பை முற்றும் அறிந்திருந்தார்கள். கம்பெனியார் வெளியிட்ட கையேடு வினாவும் விடையுமாக அமைந்து, ஒவ்வொரு பாகத்தின் செயலையும் எடுத்துரைத்தது. ஒரு ஸ்பானர், ஒரு திருப்புளி, சிறிது கம்பி ஆகியவை இருந்தால் வழியில் நேரும் பல தடைகளை நீக்கிவிடலாம். வண்டியின் பின்சக்கரம் ஒன்றைத் தரையினின்று தூக்கி நிறுத்தி, அதில் பட்டையை மாட்டி மரம் அறுத்தார்கள், தண்ணீர் இறைத்தார்கள், தானியம் அரைத்தார்கள். ஞாயிற்றுக்கிழமை குடும்பத்துடன் உலாவச் சென்ற அதே வண்டி, திங்கட்கிழமை வேலையாளாக மாறி நின்றது. யந்திரத்தைக் கண்டு அஞ்சாத ஒரு தலைமுறையை அவ்வண்டி உண்டாக்கிற்று என்று கூறினால் அது மிகையன்று.

இது ஒரு பக்கம். வண்டி பிறந்த தொழிற்சாலைக்குள் சென்று பார்த்தால் மற்றொரு பக்கம் தெரியும். 1910இல் உற்பத்தி ஹைலண்ட் பார்க் என்னும் இடத்துக்கு மாறியது. இவ்வண்டிக்கு மின்சாரம் அளிப்பது எஞ்சினின் பின்புறத்தில் 16 காந்தங்களுடன் சுழலும் மாக்னெட்டோ. அனுபவமுள்ள ஒரு தொழிலாளி அதை முழுதும் தாமே பூட்டி முடிக்கச் சுமார் 20 நிமிடம் ஆயிற்று. 1913இல் அந்த வேலையை 29 சிறு கூறுகளாகப் பிரித்து, நகரும் தடத்தின் ஓரமாக ஆட்களை நிறுத்தினார்கள். ஒருவர் ஒரு பாகத்தை வைப்பார். மற்றொருவர் ஒரு நட்டை முடுக்குவார். அதற்குமேல் அவருக்கு வேலை இல்லை. பின்னர்ச் செய்த திருத்தங்களால் 20 நிமிட வேலை 5 நிமிடத்தில் முடிந்தது. சட்டகத்தைப் பூட்டும் வேலையிலும் இதே முறையைக் கையாண்டார்கள். அதற்குமுன் சுமார் பன்னிரண்டரை மணி நேரம் பிடித்தது, 1914இல் ஒரு மணி 33 நிமிடமாகச் சுருங்கிற்று.

விலை இறங்கியது. 1908இல் 850 டாலருக்கு விற்ற திறந்த வண்டி 1925இல் 290 டாலருக்குக் கிடைத்தது. ஆனால் தொழிலாளிக்கு நேர்ந்தது என்ன? நாள் முழுவதும் ஒரே அசைவைத் திரும்பத் திரும்பச் செய்ய மனிதர் மனம் ஒப்பவில்லை. வேலைக்கு வந்தவர்கள் விட்டு விலகிக்கொண்டே இருந்தார்கள். சுமார் 14,000 பேர் கொண்ட தொழிற்படையை நிலைநிறுத்த 1913ஆம் ஆண்டில் 52,000 பேருக்கு மேல் வேலைக்கு எடுக்க நேர்ந்தது. 1914ஆம் ஆண்டு ஜனவரி மாதம், எட்டு மணி நேர வேலைக்கு நாளொன்றுக்கு 5 டாலர் வரை தருவதாக ஃபோர்டு அறிவித்தார். அது முன்பிருந்த ஊதியத்தைப் போல் ஏறத்தாழ இரு மடங்கு. உலகமே வியந்தது. அந்த ஊதியத்துக்குத் தகுதி பெறத் தொழிலாளியின் வீட்டு வாழ்க்கையும் ஒழுங்காக இருக்க வேண்டும் என்று நிபந்தனை விதித்து, அதை விசாரிக்கத் தனி இலாகா ஒன்றையும் கம்பெனியார் ஏற்படுத்தினார்கள்.

இங்கேதான் இவ்வரலாற்றின் உட்பொருள் இருக்கிறது. யந்திரத்தின் ஒவ்வோர் அங்கத்தையும் அறிந்து ஆளும் இன்பத்தை எந்த வண்டி தன் உரிமையாளனுக்கு அளித்ததோ, அந்த வண்டியே தன்னைச் செய்த தொழிலாளியிடமிருந்து அவ்வின்பத்தைப் பறித்துக்கொண்டது. குடியானவன் தன் மாக்னெட்டோவைக் கழற்றிப் பூட்டக் கற்றுக்கொண்ட அதே நாளில், தொழிற்சாலையில் அதைப் பூட்டியவன் ஒரு நட்டை மட்டுமே அறிந்திருந்தான். மலிவு என்பது வானத்திலிருந்து விழுவதன்று. அதன் விலையை வேறு ஒருவர் செலுத்தியிருக்கிறார்.

காலம் மாறிற்று. சாலைகள் சீர்பட்டன. மக்கள் அழகையும் வசதியையும் நாடினார்கள். 1914 முதல் 1925 வரை கறுப்பு நிறம் ஒன்றிலேயே வந்த 'மாடல் டி'யை விட்டு, புது வண்ணமும் புதுக் கியரும் கொண்ட பிற கம்பெனி வண்டிகளை வாங்கலானார்கள். 1927ஆம் ஆண்டு மே மாதம் ஒன்றரைக் கோடியாவது வண்டி வெளிவந்தது. அத்துடன் அந்த மாதிரியின் கதை முடிவை எட்டியது. அதன் எண்ணிக்கையை விஞ்ச மற்றொரு மாதிரிக்கு 1972 வரை காலம் பிடித்தது. ஜெர்மனியின் ஃபோக்ஸ்வாகன் 'பீட்டில்' அந்த ஆண்டில் முந்தியது.

ஆயினும் 'மாடல் டி' மறையவில்லை. அமெரிக்காவில் பழைய வண்டிகளைப் பேணுவோர் சங்கம் ஒன்று 1935இலேயே தோன்றிவிட்டது. இன்றும் அந்நாட்டில் 'மாடல் டி'க்கு வேண்டிய உதிரிப் பாகங்களைப் புதிதாகச் செய்து விற்கிறார்கள். உரிமையாளர்கள் கூட்டமாகக் கிளம்பி, பெருஞ்சாலைகளை விலக்கி, கிராமத்துப் பாதைகளில் மெதுவாகச் செல்கிறார்கள். வழியில் ஒரு வண்டி நின்றால் எல்லா வண்டிகளும் நிற்கும். பானெட்டின் மேல் நான்கு தலைகள் குனியும். அவர்களுக்கு எச்சரிக்கையும் வேண்டும். கால்பிரேக்கு கியர்ப்பெட்டியின் வழியாகப் பின்சக்கரங்களை மட்டுமே தடுப்பது. இருக்கைக்கு அடியில் பெட்ரோல் இருக்கிறது. மோதலிலிருந்து காக்கும் சாதனம் ஏதும் இல்லை. ஆதலால் அவர்கள் தொலைவிலேயே ஆபத்தைக் கண்டு, முன்கூட்டியே வேகத்தைத் தணிக்கப் பழகுகிறார்கள். அந்தக் கவனமும் இன்பத்தின் ஒரு பகுதியே.

இன்றைய காரில் கணிப்பொறிகள் பல உண்டு. அவை நம்மை ஆபத்திலிருந்து காக்கின்றன, எரிபொருளைச் சேமிக்கின்றன. இந்த நன்மைகளை யாரும் மறுக்க முடியாது. ஆனால் பானெட்டைத் திறந்து பார்க்கும் உரிமையாளர் அங்கே தம்மால் செய்யக்கூடியது ஒன்றும் இல்லை என்று மூடிவிடுகிறார். பழுது பார்க்கத் தேவையான விவரங்களைக் கம்பெனிகள் பிறருக்கும் தரவேண்டும் என்ற சட்டத்துக்கு மாசசூசெட்ஸ் மாநிலத்து மக்கள் 2012ஆம் ஆண்டில் வாக்களித்து ஆதரவு தெரிவித்தார்கள். தம் பொருளைத் தாமே அறிந்து ஆளவேண்டும் என்ற ஆவல் மனிதரை விட்டு நீங்கவில்லை என்பதற்கு அது சான்று.

ஆகவே, பழைய வண்டியின் ஹாண்டிலை இழுத்து, எஞ்சின் கிளம்பும் ஓசையைக் கேட்டுப் புன்முறுவல் பூக்கும் ஒருவரைக் கண்டால், அதைச் செல்வர் ஒருவரின் பொழுதுபோக்கு என்று மட்டும் எண்ணிவிட வேண்டாம். நூறு ஆண்டுகளுக்கு முன் ஒரு குடியானவன் பெற்ற அறிவை அவர் தம் கைகளால் காத்து வருகிறார். அந்த அறிவு ஏட்டில் மட்டும் நிற்பதன்று. கையிலிருந்து கைக்கு வருவது. அதைப் பெற்றுக்கொள்ள ஓர் இளைஞன் அவர் அருகில் நின்று பார்த்துக்கொண்டிருந்தால், அந்த வண்டி இன்னும் நெடுந்தூரம் ஓடும்.