காசிக் கல்லும் கயைக் கல்லும்

காசி, கயை என்னும் இரு பெயர்களையும் அறியாத தமிழ் இல்லம் இராது. நீராடவும் நீத்தார் கடன் செலுத்தவும் நம் முன்னோர் நாடிச் சென்ற தலங்கள் அவை. தொழில் நிமித்தமாக வடபுலத்தில் வாழும் நம்மிற் பலர் இன்று அவ்வூர்களை இரயிலில் கடந்து செல்கிறோம். அறிவியல் வரலாற்றிலும் அவற்றுக்கு இடமுண்டு என்பதை நாம் எண்ணிப் பார்ப்பதில்லை. விண்கற்களை இனங்காணும் முயற்சிக்கு அடிகோலியவற்றுள் ஒன்று, காசிக்கு அருகே விழுந்த கல். அம்முயற்சி எத்துணைக் கடினமானது என்பதைக் காட்டியது, கயை மாவட்டத்தில் விழுந்த கல்.

வானிலிருந்து கல் விழும் என்பதையே பதினெட்டாம் நூற்றாண்டு அறிஞர் பலர் நம்பவில்லை. 1768-இல் பிரான்சில் விழுந்த ஒரு கல்லை லவாசியே முதலானோர் ஆராய்ந்தனர். அது இடி தாக்கிய பூமிக் கல்லே என்று முடிவு கூறினர். விழுந்ததைக் கண்டவர்கள் பாமரர். அவர்கள் சொல் சான்றாக ஏற்கப்படவில்லை.

1798 டிசம்பர் 19 அன்று இரவு எட்டு மணியளவில், காசிப் பகுதி மக்கள் வானில் பெரிய தீப்பந்து ஒன்றைக் கண்டனர். இடி போன்ற முழக்கம் கேட்டது. கிராகுத் என்னும் சிற்றூரைச் சுற்றிலும் கற்கள் விழுந்தன. அவற்றுள் ஒன்று காவற்காரன் ஒருவனது குடிசையின் கூரையைத் துளைத்துத் தரையில் புதைந்தது. ஜான் லாயிட் வில்லியம்ஸ் என்பவர் கண்டோரை விசாரித்து, செய்திகளைத் தொகுத்து எழுதினார். அப்போது வானில் மேகமே இல்லை என்றும் அவர் குறித்தார். ஆகவே, இடியின் மீது பழியைப் போட வழியில்லை.

அக்கற்கள் இலண்டனில் எட்வர்ட் ஹோவர்ட் என்னும் வேதியியலாரை அடைந்தன. இத்தாலி, இங்கிலாந்து, பொஹீமியா ஆகிய இடங்களில் விழுந்த கற்களையும் அவர் சேர்த்து ஆராய்ந்தார். கனிமவியலாரான பூர்னோன் பிரபு அவற்றைக் கூறு கூறாகப் பிரித்து, சிறு உருண்டைகளும் இரும்புத் துகள்களும் இருப்பதைக் கண்டார். அவ்விரும்பில் நிக்கல் கலந்திருப்பதை ஹோவர்ட் நிறுவினார். நான்கு கற்களும் தம்முள் ஒத்திருந்தன. விழுந்த நிலத்துப் பாறைகளோடு ஒக்கவில்லை. இம்முடிவு 1802-இல் வெளியாயிற்று. மறு ஆண்டு பிரான்சின் லேகிள் ஊரில் ஆயிரக்கணக்கான கற்கள் விழ, பியோ என்னும் அறிஞர் நேரில் சென்று விசாரித்தார். அதன்பின் ஐயம் பெரிதும் அகன்றது.

உருண்டைகள் கொண்ட கற்களுக்குக் காண்ட்ரைட் என்ற பெயரை 1864-இல் குஸ்தாவ் ரோசு வழங்கினார். ஆனால் உருண்டையும் இல்லாமல், இரும்புத் துகளும் இல்லாமல் ஒரு கல் விழுந்தால் என் செய்வது? மறு ஆண்டே அத்தகைய கல் விழுந்தது. 1865 ஆகஸ்டு 25 அன்று, கயை மாவட்டத்து ஷெர்காட்டியில் ஏறத்தாழ ஐந்து கிலோ எடையுள்ள கல் ஒன்று வீழ்ந்தது. அது எரிமலைப் பாறையையே ஒத்திருந்தது. விழுந்ததைக் கண்டவர் இல்லையெனில், அதை எவரும் விண்கல் என்று கருதியிருக்க மாட்டார். 1872-இல் வியன்னாவில் செர்மாக் என்பவர் அதனை ஆராய்ந்து, கண்ணாடி போன்ற புதுப்பொருள் ஒன்றை அதனுள் கண்டார். பிற்காலத்தில் ஊரின் பெயராலேயே ஷெர்கோட்டைட் என்னும் இனம் வகுக்கப்பட்டது. இனத்திற்குப் பெயர் கிடைத்தது, பிறப்பிடம் விளங்கவில்லை.

1815-இல் பிரான்சின் ஷாசினியில் விழுந்த கல்லும், 1911-இல் எகிப்தின் நக்லாவில் விழுந்த கல்லும் இதற்கு உறவு என்பது பின்னர்த் தெரிந்தது. பெரும்பாலான விண்கற்களுக்கு வயது 450 கோடி ஆண்டுகளுக்கு மேல். நக்லாவுக்கோ ஏறத்தாழ 130 கோடியே. சிறு கோள்கள் தோன்றிச் சில காலத்திலேயே குளிர்ந்துவிட்டவை. அவற்றில் அத்துணைப் பிற்காலத்தில் எரிமலைக் குழம்பு பொங்கியிராது. ஆகவே ஒரு பெருங்கோளே தாயகமாதல் வேண்டும் என்ற எண்ணம் வலுத்தது. 1976-இல் செவ்வாயில் இறங்கிய வைக்கிங் கலங்கள் அக்கோளின் காற்றை அளந்தன. அண்டார்க்டிகாவில் கிடைத்த ஷெர்கோட்டைட் ஒன்றின் கண்ணாடியில் சிறைப்பட்டிருந்த வாயுவும் அதனை ஒத்திருந்தது. இச்செய்தி 1983-இல் வெளிவந்தது. கயைக் கல்லின் குலம் துலங்க 118 ஆண்டுகள் சென்றன!

இத்தனை காலமும் அக்கல் காப்பகங்களில் பேணப்பட்டு வந்ததால்தான் இது கைகூடியது. இன்றும் ஒரு கல் புதிய விண்கல்லாக ஏற்கப்பட வேண்டுமாயின், அதன் ஒரு பகுதி ஆராய்ச்சி நிலையத்தில் வைக்கப்படல் வேண்டும். 20 கிராம், அல்லது மொத்த எடையில் ஐந்தில் ஒரு பங்கு, இவ்விரண்டில் குறைவானது போதும். நம் நாட்டில் விழும் விண்கற்களுக்குக் காப்பாளர், கொல்கத்தாவைத் தலைமையிடமாகக் கொண்ட இந்தியப் புவியியல் ஆய்வுத்துறை.

நாம் வாழும் ஊர் எதுவாயினும், அங்கே ஒரு கல் விழக்கூடும். கழுவாமலும் உடைக்காமலும் அதனை எடுத்து வைத்து, விழுந்த நேரத்தையும் இடத்தையும் குறித்து, உரியோரிடம் சேர்ப்பது நம் கடன். அதன் குலத்தை நம் பேரர் காலத்து அறிஞர் கூறக்கூடும். ஆனால் அந்நாள் வரை கல் எஞ்சியிருத்தல் வேண்டும்.