மனாராவும் மணலும்

ஒளியைக் குறிக்கும் 'நூர்' என்னும் அரபுச் சொல்லும் 'மனாரா' என்னும் சொல்லும் ஒரே வேரில் பிறந்தவை. பள்ளிவாசல் கோபுரத்திற்கும் கலங்கரை விளக்கத்திற்கும் அரபு மக்கள் அந்த ஒரு பெயரையே வழங்கினர். கடலோடிய மரக்காயர் வழிவந்த நாம் நாகூர் மினாராக்களை அறிவோம். சென்னையின் விளக்குகளையும் அறிதல் தகும்.

இந்நகரின் முதல் விளக்கு 1796இல் கோட்டைக்குள் ஏற்றப்பட்டது. 1844இல் அது, இன்றைய உயர் நீதிமன்ற வளாகத்தில் நிற்கும் கல்தூணுக்கு மாறியது. 1894இல் நீதிமன்றத்தின் உச்சிக் கும்மட்டத்தில் ஏறியது. முகலாயக் கலைச் சாயல் கொண்ட அக்கும்மட்டம் 83 ஆண்டுகள் மாலுமிகளுக்கு வழிகாட்டிற்று. 1977இல் மெரினாவின் தென்கோடியில் இன்றைய விளக்கம் ஒளிவிடத் தொடங்கியது. அதன் மேல்மாடம் 2013இல் பொதுமக்களுக்கு மீண்டும் திறந்துவிடப்பட்டது.

எர்ணாவூரிலிருந்து சென்று நாமும் அம்மாடத்தில் ஏறினோம். தெற்கே சாந்தோம் தேவாலயத்தின் வெண்கோபுரம். வடக்கே நவாப் முஹம்மதலி வாலாஜாவின் சேப்பாக்கம் அரண்மனை இருக்கும் திசை, அதற்கப்பால் துறைமுகம். காலடியில் பரந்த மணல்வெளி.

அரண்மனை எழுந்த பதினெட்டாம் நூற்றாண்டில் இம்மணல் இத்துணை அகலமாயில்லை; இன்றைய கடற்கரைச் சாலைக்கு அருகிலேயே அலைகள் புரண்டன. பின் இவ்வளவு மணல் எப்படிச் சேர்ந்தது?

இக்கரையில் ஆண்டின் பெரும்பகுதி அலையும் நீரோட்டமும் மணலைத் தெற்கிலிருந்து வடக்கே தள்ளிச் செல்கின்றன. 1870களில் தொடங்கிக் கடலுக்குள் கட்டப்பட்ட துறைமுகச் சுவர்கள் அதனை வழிமறித்தன. தெற்கே மணல் குவிந்து மெரினா விரிந்தது. வரவேண்டிய மணல் வராத வடகரையை, இராயபுரம் தொடங்கி எர்ணாவூர் வரை, கடல் அரித்தது. மீனவர் குப்பங்களின் வீடுகளும் தெருக்களும் அலைவாய்ப்பட்டன. வலை உலர்த்திய மணல் போய், இன்று கருங்கற் குவியலே பல இடங்களில் கரையாக நிற்கிறது.

துறைமுகத்தால் நகரம் வாழ்ந்தது; வடசென்னையின் தொழிலாளர் குடும்பங்கள் பலவும் அதனால் பிழைத்தன. இதை மறுப்பது நன்றி மறப்பதாகும். ஆயினும் ஒரு கரையின் செழிப்புக்கு மறுகரை கொடுத்த விலை எந்த வழிகாட்டிப் பலகையிலும் நம் கண்ணில் படவில்லை.

அம்மாடத்திலிருந்து எர்ணாவூர் நம் கண்ணுக்கு எட்டவில்லை. படைப்பில் இறைவன் ஒரு மீஸானை, தராசை, வைத்திருக்கிறான் என்று நம்பும் சமுதாயம் நாம். மெரினாவில் விளையாடும் நம் பிள்ளைகளுக்கு, அவர்கள் அள்ளி வீடு கட்டும் மணலில் வடகரையின் பங்கும் உண்டென்று சொல்லி வளர்ப்போம்.