கடைத் தரவும் ஆய்வேடும்: நிறுவனங்கள் வழங்கிய நுகர்வோர் தரவில் எழுந்த உயர்கல்வி ஆய்வுகளின் வரலாறு

ஆய்வுச்சுருக்கம்

வணிக நிறுவனங்கள் தம்மிடம் குவிந்த நுகர்வோர் தரவை முதுநிலை, முனைவர் பட்ட மாணவர்களின் ஆய்வுக்கு வழங்கும் வழக்கம் அமெரிக்காவில் 1950களிலேயே காணப்படுகின்றது. இன்று பிரித்தானியாவில் அது ஒழுங்குமுறைப்பட்ட திட்டமாக நிலைபெற்றுள்ளது. இவ்வழக்கத்தில் நல்கை என்பது பணத்தைக் காட்டிலும் தரவாகவே இருந்துவந்துள்ளது. ஆதலின் ஆய்வுச் சுதந்திரம் பற்றிய வினாவும் தரவை அடைதல், மீளச் சரிபார்த்தல், நுகர்வோரின் இசைவு ஆகியவற்றைச் சுற்றியே எழுகின்றது என்பதை இக்கட்டுரை காட்ட முயல்கின்றது.

திறவுச்சொற்கள்: நுகர்வோர் தரவு, நிறுவன நல்கை, ஆய்வேடு, பட்டைக்குறி, வாடிக்கையாளர் அட்டை, இசைவு.

நாட்குறிப்பும் பட்டைக்குறியும்

கடையில் மக்கள் வாங்குவதை அறிவியல் முறையில் ஆராய விரும்பிய பல்கலைக்கழகத்தார்க்குத் தொடக்கம் முதலே ஓர் இடர் இருந்தது. ஒரே குடும்பம் மாதக்கணக்கில் என்ன வாங்கியது என்னும் தொடர் பதிவைத் திரட்டும் வசதி கல்வி நிறுவனங்களிடம் இல்லை. விளம்பரத்தை விற்றுப் பிழைத்த நிறுவனங்களிடம் இருந்தது. சிகாகோ டிரிபியூன் நாளிதழ் தெரிந்தெடுத்த குடும்பங்களைக் கொண்டு அத்தகைய குழுவொன்றை நடத்தியது. குடும்பத்தினர் வாங்கிய பொருளையும் விலையையும் தம் கைப்படவே நாட்குறிப்பில் எழுதினர். கார்னெகி தொழில்நுட்பக் கழகத்தில் 1958ஆம் ஆண்டு முனைவர் பட்ட ஆய்வேட்டை அளித்த ஆல்ஃபிரெட் கூன், அக்குழுவின் உறைபதன ஆரஞ்சுச் சாறு பற்றிய பதிவுகளையே தம் ஆய்வுக்கு அடிப்படையாகக் கொண்டார். முன்பு வாங்கிய பொருட்குறி அடுத்து வாங்குவதன் நிகழ்தகவை எவ்வாறு மாற்றுகின்றது என்பது அவர் எழுப்பிய வினா. உளவியலார் கற்றலை விளக்க அமைத்த கணித மாதிரியை அவர் கடைச்சரக்குக்குப் பொருத்தினார். தரவு நாளிதழுடையதாயினும் வினா மாணவருடையது என்பது இங்குக் கருதத்தக்கது. எழுதிக்கொடுத்த குடும்பங்களும் தாம் கவனிக்கப்படுவதை அறிந்திருந்தன.

1974ஆம் ஆண்டு ஜூன் 26 அன்று ஒஹாயோ மாநிலத்தின் டிராய் நகரில் மார்ஷ் பேரங்காடியில் ஒரு சூயிங்கம் பொதியின் பட்டைக்குறி முதன்முதலாக வருடப்பட்டது. பொருளை விரைந்து கணக்கிடவே அக்கருவி வந்தது. ஆய்வு அதன் நோக்கமன்று. எனினும் வாங்குபவர் இனி எதையும் எழுத வேண்டியதில்லை என்னும் நிலையை அதுவே உருவாக்கிற்று. பீட்டர் குவாடக்னியும் ஜான் லிட்டிலும் 1983இல் வெளியிட்ட கட்டுரை, 100 குடும்பங்கள் 32 வாரங்களில் வாங்கிய காப்பித்தூள் பற்றிய வருடித் தரவைக் கொண்டு பொருட்குறித் தெரிவை விளக்கியது. இன்றைய அளவுகோலில் இது மிகச் சிறிய தரவு. ஆயினும் சந்தையியல் துறையில் பின்வந்த ஆய்வேடுகள் பலவும் இதன் வழிமுறையையே பின்பற்றின.

டொமினிக்ஸ்: ஒரு கடைத்தொடர் கூடமான கதை

இவ்வரலாற்றில் விரிவாக நோக்கத்தக்கது சிகாகோ நகரின் டொமினிக்ஸ் என்னும் பேரங்காடித் தொடர். 1989 முதல் 1994 வரை இந்நிறுவனமும் சிகாகோ பல்கலைக்கழக வணிகப் பள்ளியும் ஒன்றிணைந்து கடைகளிலேயே விலைச் சோதனைகளை நடத்தின. கடைகளைப் பிரித்துச் சிலவற்றில் விலையை உயர்த்தியும் சிலவற்றில் குறைத்தும் விற்பனையைக் கண்காணித்தனர். ஸ்டீபன் ஹோக், சேவியர் டிரேஸ், மேரி பர்க் ஆகியோர் 1994இல் வெளியிட்ட கட்டுரை 86 கடைகள் கொண்ட தொடரில் 26 பொருள்வகைகள் குறித்து நடந்த சோதனைகளை விவரிக்கின்றது. விலையை 10 விழுக்காடு குறைத்தபோது விற்பனை 3 விழுக்காடே கூடியது. இலாபமோ 18 விழுக்காடு குறைந்தது. விலையை 10 விழுக்காடு உயர்த்தியபோது விற்பனை 3 விழுக்காடு குறைந்து இலாபம் 15 விழுக்காடு உயர்ந்தது.

இம்முடிவு நிறுவனத்திற்கு உவப்பானது என்பதைச் சொல்லத் தேவையில்லை. விலை உயர்த்தப்பட்ட கடைகளில் அன்றாடப் பொருளுக்குக் கூடுதலாகப் பணம் கொடுத்தவர்களே இச்சோதனையின் செலவில் ஒரு பகுதியைச் சுமந்தனர் என்பது மட்டும் ஆய்வுலகில் அதிகம் பேசப்படுவதில்லை. விலையை மாற்றுவது கடைக்காரரின் உரிமை என்னும் வாதம் சட்டப்படி சரியே. அதே விலைமாற்றம் ஆய்வு வடிவமைப்பின் பகுதியாகும்போது அவ்வாதம் முழுமையாகப் பொருந்துமா என்பது ஐயத்திற்குரியது.

ஆலன் மாண்ட்கோமரி சிகாகோவில் தம் முனைவர் பட்ட ஆய்வை இத்தரவின் மீது அமைத்தார். 1997இல் வெளிவந்த அவர் கட்டுரை, தொடர் முழுமைக்கும் ஒரே விலை என்பதற்கு மாறாகக் கடைக்குக் கடை வேறுபட்ட விலையை வைத்தால் மொத்த இலாபம் 4 முதல் 10 விழுக்காடு வரை கூடும் எனக் கணித்தது. ஆய்வுப் பொருள் இம்முறையும் ஆரஞ்சுச் சாறே! கூன் ஒரு குடும்பத்தின் பழக்கத்தை அறிய முயன்றார். நாற்பதாண்டு கழித்து அதே சரக்கைக் கொண்டு எந்தக் குடியிருப்பில் எவ்வளவு விலை வைக்கலாம் என்பது ஆராயப்பட்டது. கடையைச் சூழ்ந்த மக்களின் வருவாய், கல்வி, குடும்ப அளவு போன்ற விவரங்கள் 1990ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பிலிருந்து விற்பனைத் தரவுடன் இணைக்கப்பட்டிருந்தன. ஆய்வு வினா நல்கையாளரின் வினாவை நோக்கி நகர்வதை இங்குத் தெளிவாகக் காணலாம். அதற்கு வற்புறுத்தல் தேவைப்படவில்லை; தரவில் உள்ள பத்திகளே எதைக் கேட்கலாம் என்பதைப் பெரும்பாலும் வரையறுத்துவிடுகின்றன.

ஆனால் சிகாகோ பல்கலைக்கழகம் அத்தரவைத் தன்னகத்தே பூட்டிவைக்கவில்லை. கல்வி ஆய்வுக்காக எவரும் பெறுமாறு வெளியிட்டது. அதனால் நிறுவனம் கேளாத வினாக்களும் எழுந்தன. செலவு உயரும்போது விரைந்து ஏறும் விலை, செலவு குறையும்போது ஏன் மெல்ல இறங்குகின்றது என்பதைச் சாம் பெல்ட்ஸ்மன் 2000இல் ஆராய்ந்தபோது அவர் பயன்படுத்திய தரவுகளுள் டொமினிக்ஸ் தரவும் ஒன்று. தேவை உச்சம்பெறும் பருவங்களில் விலை உயராது சராசரியாகக் குறைவதை ஜூடித் செவாலியரும் உடனாய்வாளர் இருவரும் 2003இல் இதே தரவால் காட்டினர். டொமினிக்ஸ் கடைகள் 2013இல் மூடப்பட்டன. தரவு இன்றும் மாணவர்களுக்குக் கிடைக்கின்றது. கடையளவில் தொகுக்கப்பட்டதால் தனிமனிதர் எவரையும் அது காட்டிக்கொடுப்பதில்லை.

பெயர் நீக்கமும் மீளறிதலும்

தனிமனித அளவிலான தரவு வெளிவந்தபோது நிலைமை மாறியது. நெட்ஃபிளிக்ஸ் நிறுவனம் 2006 அக்டோபரில் 4,80,189 வாடிக்கையாளர்கள் 17,770 திரைப்படங்களுக்கு அளித்த பத்துக் கோடிக்கும் மேற்பட்ட மதிப்பீடுகளைப் பெயர் நீக்கி வெளியிட்டு, பத்து இலட்சம் டாலர் பரிசும் அறிவித்தது. டெக்சாஸ் பல்கலைக்கழகத்தின் ஆஸ்டின் வளாகத்தில் முனைவர் பட்ட மாணவராயிருந்த அரவிந்த் நாராயணன் (சென்னை இந்தியத் தொழில்நுட்பக் கழகத்தில் பயின்றவர்) தம் நெறியாளர் விட்டாலி ஷ்மாட்டிகோவுடன் 2008இல் அத்தரவை மறுதலையாக அணுகினார். ஒருவர் அளித்த எட்டு மதிப்பீடுகள் தெரிந்தால், அவற்றுள் இரண்டு தவறாக இருப்பினும், நாள் இரு வாரம் முன்பின்னாக இருப்பினும், 99 விழுக்காட்டுப் பதிவுகளைத் தனித்து அடையாளம் காணலாம் என இருவரும் நிறுவினர். 2010இல் நிறுவனம் அறிவித்திருந்த இரண்டாம் போட்டி வழக்கினையும் அரசு ஒழுங்காற்று அமைப்பின் வினாக்களையும் தொடர்ந்து கைவிடப்பட்டது. நிறுவனம் தந்த தரவைக் கொண்டே அதன் உறுதிமொழியைச் சோதிக்க முடிந்தமைக்குக் காரணம் தரவு வெளிப்படையாக இருந்ததே. ஒப்பந்தத்தின் பேரில் பெறப்பட்ட தரவாயின் இத்தகைய கட்டுரை வெளிவந்திருப்பது அரிது.

இதன் மறுபக்கத்தை 2015இல் காணலாம். மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தின் இவ்ஸ் அலெக்சாந்தர் த மோன்ஜோயும் உடனாய்வாளரும் 11 இலட்சம் பேரின் மூன்று மாதக் கடனட்டைப் பதிவுகளை ஆராய்ந்தனர். எப்போது, எந்தக் கடையில் என்னும் நான்கு செய்திகள் போதும், 90 விழுக்காட்டினரைத் தனித்தறிய முடியும் என்பது அவர்கள் முடிவு. தரவளித்த வங்கியின் பெயரோ நாட்டின் பெயரோ கட்டுரையில் இல்லை. தனியுரிமை காக்கப் பெயர் நீக்கம் போதாது என்று சொல்லும் ஆய்வு, அதே காரணத்தால் தன் தரவைப் பிறர் சரிபார்க்கக் கொடுக்க இயலாமல் நிற்கின்றது. இம்முரணுக்கு இன்றளவும் முழுத் தீர்வில்லை.

பிரித்தானிய முறை

டெஸ்கோ நிறுவனம் 1995இல் நாடு முழுமைக்கும் அறிமுகப்படுத்திய கிளப்கார்டு, தள்ளுபடிக்கு ஈடாகக் கொள்முதற் பதிவைப் பெறும் முறையைப் பரவலாக்கியது. அதன் பகுப்பாய்வை மேற்கொண்ட டன்ஹம்பி நிறுவனத்தால் கடையின் கணக்குப் புத்தகம் தனியொரு வணிகப் பண்டமாயிற்று. பல்கலைக்கழகங்கள் இதனை அணுக நெடுங்காலம் தனிப்பட்ட நட்பே வழியாக இருந்தது. எந்தப் பேராசிரியர்க்கு எந்த மேலாளரைத் தெரியும் என்பதைப் பொறுத்தே மாணவரின் தலைப்பு அமைந்தது எனலாம்.

2014இல் பொருளாதார, சமூக ஆய்வு மன்றத்தின் நிதியில் தோன்றிய நுகர்வோர் தரவு ஆய்வு மையம் இலண்டன் பல்கலைக்கழகக் கல்லூரி, லீட்ஸ், லிவர்பூல், ஆக்ஸ்ஃபோர்டு ஆகிய இடங்களில் செயற்பட்டது. இதன் முதுநிலை ஆய்வேட்டுத் திட்டத்தில் நிறுவனங்கள் தலைப்புகளை முன்மொழிந்தன, மாணவர்கள் விண்ணப்பித்தனர். தரவு மூன்று நிலைகளாகப் பிரிக்கப்பட்டது: எவரும் பெறத்தக்கது, பதிவும் ஒப்புதலும் வேண்டுவது, காப்பறைக்குள் அமர்ந்து மட்டும் காணத்தக்கது. காப்பறையிலிருந்து வெளிவரும் ஒவ்வோர் அட்டவணையும் சரிபார்க்கப்பட்டது. நட்பின் இடத்தில் விதி வந்தது பெரிய முன்னேற்றமே.

ஆயினும் ஓராண்டுப் படிப்பின் கடைசிக் கோடை மாதங்களில் ஆய்வேட்டை முடிக்கவேண்டிய மாணவரின் நிலை எளிதன்று. முனைவர் பட்ட மாணவர் தரவு தாமதமானால் தலைப்பை மாற்றிக்கொள்ளலாம். முதுநிலை மாணவர்க்கு அவகாசமில்லை. வந்த தரவை வந்த வடிவில் ஏற்கவேண்டும். அட்டை வைத்திருப்போர் மக்கள்தொகை முழுமையின் பதிலாளர் அல்லர். ரொக்கம் கொடுத்து அட்டையின்றி வாங்குவோர் அதில் இல்லை. இக்குறைபாட்டை ஒரு பத்தியில் குறிப்பிட்டுவிட்டு நகர்வதே பெரும்பாலும் இயலும். வேலைவாய்ப்பை எதிர்நோக்கும் மாணவர், வருங்கால முதலாளி முன்மொழிந்த வினாவையே தவறென்று எழுதுவார் என எதிர்பார்ப்பதும் மிகையே.

இசைவைப் பொறுத்தவரை வேறொரு முன்மாதிரியும் அதே நாட்டில் உண்டு. இலண்டன் இம்பீரியல் கல்லூரியின் ஜேம்ஸ் ஃபிளனகன் குழுவினர், சூலகப் புற்றுநோய் கண்டறியப்படுவதற்கு முன்னரே வலிநிவாரணி, செரிமான மருந்து ஆகியவற்றை வாங்குவது கூடுகின்றதா என வாடிக்கையாளர் அட்டைப் பதிவுகளால் ஆராய்ந்து 2023இல் முடிவை வெளியிட்டனர். நோய் கண்டறியப்படுவதற்கு ஏறத்தாழ 8 மாதங்களுக்கு முன்பே அம்மருந்துகளின் கொள்முதல் வேறுபடத் தொடங்கியது. இவ்வாய்வில் இடம்பெற்றோர் 273 பெண்கள் மட்டுமே: நோயுற்றோர் 153, நோயற்றோர் 120. கடைகளின் கிடங்கில் கோடிக்கணக்கான பதிவுகள் இருக்க, இந்த 273 பேரின் பதிவுகள் மட்டும் ஆய்வுக்கு வந்ததற்குக் காரணம், அவற்றைத் தரலாம் என அப்பெண்கள் ஒவ்வொருவரும் இசைவளித்திருந்ததே.