அட்சரகணிதப் பின்னம்: வெட்டுவதற்கு முன் காரணிப்படுத்துங்கள்

நோட்டன் பிரிட்ஜில் உள்ள நீர்மின் நிலையம், பொறியியலாளர் டி. ஜே. விமலசுரேந்திரவின் பெயரைத் தாங்கி நிற்கிறது. மலையக ஆறுகளிலிருந்து மின்சாரம் எடுக்கலாம் என்பதை 1918 ஆம் ஆண்டிலேயே கணக்குப் போட்டு எழுத்தில் முன்வைத்தவர் அவர். அந்த நிலையத்தைச் சுற்றியுள்ள தோட்டங்களின் பிள்ளைகளுக்குப் பொறியியல் படிப்பு இன்னும் எட்டாத உயரத்திலேயே இருக்கிறது. க.பொ.த. சாதாரண தரக் கணிதத்தில் சித்தி இல்லாவிட்டால் பல அரச வேலைகளுக்கு விண்ணப்பிக்கவும் வழியில்லை.

1977, 1983 வன்செயல்களுக்குப் பின் மலையகத்திலிருந்து வன்னிக்குச் சென்று குடியேறிய குடும்பங்கள் பல. அங்கே யுத்தமும் இடப்பெயர்வும் பலரின் படிப்பை இடையில் நிறுத்தின. பள்ளியில் படிப்பவர்களுக்கும், விட்ட இடத்திலிருந்து மீண்டும் தொடங்குபவர்களுக்கும் தடுமாற்றம் தரும் பாடங்களில் ஒன்று அட்சரகணிதப் பின்னம். தரம் 10 இல் அதன் கூட்டலும் கழித்தலும், தரம் 11 இல் பெருக்கலும் வகுத்தலும் வருகின்றன.

பாடநூலில் ஆங்கில எழுத்தால் குறிக்கப்படும் தெரியாக் கணியத்தை இங்கே 'த' என்று எழுதுவோம்.

எதை வெட்டலாம்?

வெட்டுதல் என்பது தொகுதியையும் பகுதியையும் ஒரே கோவையால் வகுத்தல். ஆகவே பெருக்கமாக நிற்கும் காரணியை மட்டுமே வெட்டலாம். கூட்டலாகவோ கழித்தலாகவோ நிற்கும் உறுப்பை வெட்டக்கூடாது.

எண்களில் பார்த்தால் இது தெளிவாகும். (5 + 3) / (5 + 7) என்பது 8/12, அதாவது 2/3. மேலும் கீழும் உள்ள 5 ஐ வெட்டினால் 3/7 வரும். அது பிழை.

மூன்று படிகள்

(த² − 9) / (த² + 5த + 6) என்பதைச் சுருக்குவோம். மேலும் கீழும் த² இருப்பதால் அதை வெட்டத் தோன்றும். அவை உறுப்புகள், காரணிகள் அல்ல.

1. தொகுதியைக் காரணிப்படுத்துக. இது இரு வர்க்கங்களின் வித்தியாசம்: (த − 3)(த + 3).

2. பகுதியைக் காரணிப்படுத்துக. பெருக்கினால் 6 உம் கூட்டினால் 5 உம் தரும் எண்கள் 2, 3. எனவே (த + 2)(த + 3).

3. பொதுக் காரணியான (த + 3) ஐ வெட்டுக. விடை (த − 3) / (த + 2).

பூச்சியத்தால் வகுக்க முடியாது. ஆகவே த இன் பெறுமானம் −2 ஆகவோ −3 ஆகவோ இருக்கக்கூடாது. (த + 3) வெட்டப்பட்டு மறைந்தாலும் −3 என்ற தடை நீங்குவதில்லை. தொடக்கத்தில் தரப்பட்ட பின்னத்தில் அது இருந்தது.

குறி மாறும் இடம்

(த − 4) / (16 − த²) இல் பகுதி (4 − த)(4 + த). (4 − த) என்பது −(த − 4). ஆகவே விடை −1 / (த + 4). கழித்தல் குறியைத் தவறவிட்டால் முழு விடையும் பிழைத்துவிடும்.

வகுத்தல்

(த² − 4) / 3த ÷ (த + 2) / 6த² என்ற கணக்கில், வகுக்கும் பின்னத்தைத் தலைகீழாக்கிப் பெருக்க வேண்டும்: (த − 2)(த + 2) / 3த × 6த² / (த + 2). (த + 2) உம் 3த உம் வெட்டுப்பட, விடை 2த(த − 2). இங்கே த 0 ஆகவோ −2 ஆகவோ இருக்கக்கூடாது.

ஆசிரியர் அருகில் இல்லாதபோது

கணித ஆசிரியர் இல்லாத இடத்திலும் விடையைச் சரிபார்க்க முடியும். முதற் கணக்கில் த = 1 எனப் பிரதியிடுக. தரப்பட்ட பின்னம் −8/12, அதாவது −2/3. நமது விடையும் −2/3. த² ஐ வெட்டியிருந்தால் −9/11 வந்திருக்கும். பிழை உடனே தெரிந்துவிடும். த = 2 எனப் போட்டால் இரண்டுமே −1/4 தரும். ஒரு பெறுமானம் தற்செயலாகப் பொருந்தலாம் என்பதால் இரண்டையாவது போட்டுப் பார்ப்பது நல்லது. பகுதியைப் பூச்சியமாக்கும் எண்ணை மட்டும் தெரிவு செய்யாதீர்கள்.

பரீட்சை மண்டபத்தில் இந்தச் சோதனைக்கு ஓரிரு நிமிடங்கள் போதும். வீட்டில் தனியாகப் படிப்பவருக்கு, தன் விடை சரியா என்று யாரிடமும் கேட்காமலே அறிந்துகொள்ளும் வழி இது.