வகுத்த விதியைத் திருத்திய சபை

நகராண்மைக் கழகம் ஒன்று வடிகால் அமைப்பதற்கோ சாலையைச் செப்பனிடுவதற்கோ குத்தகை விடுகின்றது. ஊரார் செலுத்திய வரிப்பணம் ஊர்ப்பணியின் பொருட்டுத் தனியார் கைக்குச் செல்லும் வேளை அது. ஆகவேதான் அவ்வொப்பந்தம் சட்டத்திற்கு இசைந்ததா, குத்தகை பெறுவோர் உறுப்பினர்க்கு உறவினரா, செலவிட்டதற்குக் கணக்கு உண்டா என்னும் வினாக்கள் எழுகின்றன. மலேசியாவில் 1976ஆம் ஆண்டின் ஊராட்சிச் சட்டம் இத்தகைய வினாக்களுக்கு விடையாகப் பொது அறிவிப்பின்வழி டெண்டர் கோருதல், கணக்குத் தணிக்கை முதலிய ஏற்பாடுகளை வகுத்துள்ளது. அச்சட்டத்தின் வேர்கள் ஆங்கிலேயர் முறையில் உள்ளன என்பது உண்மையே. ஆயினும் மேற்சொன்ன வினாக்கள் மிகப் பழையவை. அவற்றைத் தமிழகத்துச் சிற்றூர் ஒன்று ஆயிரத்து நூறு ஆண்டுகளுக்கு முன்பே எழுப்பி, விடைகளைக் கல்லிலும் பொறித்து வைத்தது. அவ்வூர் உத்தரமேரூர்.

இன்றைய காஞ்சிபுர மாவட்டத்தில் உள்ள இவ்வூர், சோழர் காலத்தில் உத்தரமேருச் சதுர்வேதிமங்கலம் என வழங்கியது. அங்குள்ள வைகுண்டப் பெருமாள் கோயிலின் கற்சுவரில் முதலாம் பராந்தக சோழன் காலத்துக் கல்வெட்டுகள் இரண்டு உள்ளன. ஒன்று அவனது பன்னிரண்டாம் ஆட்சியாண்டில், அஃதாவது கி.பி. 919இல் பொறிக்கப்பட்டது, மற்றொன்று பதினான்காம் ஆட்சியாண்டாகிய கி.பி. 921இல் பொறிக்கப்பட்டது. இவற்றை வெங்கையா அவர்கள் ஆராய்ந்து, இந்தியத் தொல்லியல் துறையின் 1904-05ஆம் ஆண்டறிக்கையில் வெளியிட்டார். பின்னர் நீலகண்ட சாஸ்திரியார் போன்ற வரலாற்றறிஞர் அவற்றின் சிறப்பை விரிவாக எடுத்துரைத்தனர்.

உத்தரமேரூர் என்றதும் குடவோலையே நம் நினைவுக்கு வரும். பாடநூல்களும் மேடைப் பேச்சுகளும் அதனையே போற்றுகின்றன. ஆனால் குடத்திலிருந்து ஓலை எடுக்கும் வழக்கம் உத்தரமேரூரில் புதிதாகத் தோன்றியதன்று. கயிற்றால் பிணித்த குடத்தின் பொறியை நீக்கி ஓலை எடுக்கும் ஆவணமாக்களை அகநானூற்றின் 77ஆம் பாடல் உவமையாகக் காட்டுகின்றது. அவ்வாறாயின் உத்தரமேரூரின் தனிச்சிறப்பு யாது? இரண்டு கல்வெட்டுகளையும் அடுத்தடுத்து வைத்துப் படிப்பார்க்கு அது விளங்கும். தான் வகுத்த விதியை அச்சபை இரண்டே ஆண்டுகளில் மறு ஆய்வுக்கு உட்படுத்தித் திருத்தி எழுதியது. இச்செயலே அதன் பெருமை.

முதற்கல்வெட்டின் ஏற்பாட்டைச் சுருங்கக் காண்போம். ஊர் முப்பது குடும்புகளாகப் பகுக்கப்பட்டிருந்தது. குடும்பு என்பது இன்றைய வட்டாரத் தொகுதி போன்றது. குடும்புதோறும் தகுதியுடையார் பெயர்களை ஓலையில் எழுதிக் குடத்தில் இட்டு ஒருவரைத் தெரிந்தெடுத்தனர். அவ்வாறு வந்த முப்பதின்மருள் பன்னிருவர் ஆட்டை வாரியமும், பன்னிருவர் தோட்ட வாரியமும், அறுவர் ஏரி வாரியமும் செய்தனர். பொன் வாரியம், பஞ்சவார வாரியம் என்பனவும் இருந்தன. வாரியம் செய்வார்க்குச் சொந்த மனையில் வீடும் வரி செலுத்தும் நிலமும் வேண்டும். வயது முப்பதுக்கு மேலும் அறுபதுக்குள்ளும் இருத்தல் வேண்டும். முந்திய மூன்றாண்டுகளில் வாரியம் செய்திருத்தல் கூடாது.

இரண்டாம் கல்வெட்டு இவ்விதிகளைப் பல இடங்களில் மாற்றியது. வயது வரம்பு முப்பத்தைந்துக்கு மேல் எழுபதுக்குள் என்றாயிற்று. கால்வேலிக்கு மேற்பட்ட நிலம் வேண்டும் என்ற விதிக்கு ஒரு விலக்கும் தெளிவாக்கப்பட்டது. ஒரு வேதத்தையும் அதன் விரிவுரையையும் கற்று எடுத்துரைக்க வல்லவர்க்கு அரைக்கால்வேலி நிலமே போதும் என்றது. ஓலை எடுக்கும் முறையும் ஐயத்திற்கு இடமின்றி விரித்துரைக்கப்பட்டது. சபையார் இளையோரும் முதியோரும் ஆகக் கூடியிருக்க, கோயில் நம்பிமாருள் மூத்தவர் வெறுங்குடத்தை எல்லாரும் காணத் தூக்கிக் காட்ட வேண்டும். உள்ளே இருப்பதை அறியாத சிறுவன் ஒருவன் ஓலையை எடுக்க வேண்டும். மத்தியஸ்தன் ஐந்து விரலையும் அகல விரித்து உள்ளங்கையில் அதனை ஏற்க வேண்டும். அவன் படித்த பின்னர் நம்பிமார் அனைவரும் அதனைப் படிக்க வேண்டும். கையில் மறைத்து வைத்த ஓலையை மாற்றிக் காட்டும் சூழ்ச்சிக்கு இவ்விதி சிறிதும் இடந்தரவில்லை.

திருத்தங்களுள் தலையாயது கணக்குப் பற்றியதாகும். முன்பு யாதேனும் ஒரு வாரியம் செய்து கணக்குக் காட்டாது விட்டவர் மீண்டும் தெரிவுக்கு உரியர் அல்லர். அவருடைய தந்தை, மகன், உடன்பிறந்தார், மாமனார், மருமகன், மைத்துனர், தாய்மாமன், அத்தை மகன் எனப் பல உறவினரும் விலக்கப்பட்டனர். தாம் விலகி நின்று தம் உறவினரை அமர்த்திக் கொள்ளும் வழியை இவ்வாறு சபையார் அடைத்தனர். பொய்யாவணம் புனைந்தார்க்கும் பிறர் பொருளைக் கவர்ந்தார்க்கும் இடமில்லை. பொறுப்பில் இருக்கும்போதே குற்றம் காணப்படின், ஆண்டு முடியும்வரை காத்திராமல் உடனே நீக்க வேண்டும். கணக்கெழுதுவான் தான் எழுதிய கணக்கைத் தானே காட்ட வேண்டும். வேறொருவன் புகுந்து அதனை முடித்தல் ஆகாது. அவன் கணக்கு ஒப்புக்கொள்ளப்பட்டு நேர்மையுடையவன் எனக் காணப்பட்ட பின்னரே மீண்டும் அவனை அப்பணியில் அமர்த்தலாம். தீயோர் கெட்டு நல்லோர் வாழ்தற்பொருட்டே இவ்வியவஸ்தை என்று கல்வெட்டே தன் நோக்கத்தையும் கூறுகின்றது.

இத்துணைக் கண்டிப்பு எதற்கு என மாணாக்கர் வினவலாம். ஊர்ச்சபைகள் கையாண்ட பொருளின் அளவை எண்ணினால் விடை கிடைக்கும். அக்காலத்துச் சபை ஊர்ப்பொருளுக்கு அறங்காவலாகவும் ஒப்பந்தம் செய்துகொள்ளும் அமைப்பாகவும் விளங்கியது. உத்தரமேரூரின் வயிரமேகத் தடாகத்தைத் தூர்வாரிப் பேணுதற்கென அளிக்கப்பட்ட பொருளைச் சபையார் ஏற்ற செய்தி, பல்லவர் காலத்திலேயே அவ்வூரில் காணப்படுகின்றது. சோழநாட்டுக் கோயில்களில் நொந்தா விளக்கு ஒன்றுக்குத் தொண்ணூறு அல்லது தொண்ணூற்றாறு ஆடுகளைக் கொடையாளர் அளிப்பர். அவற்றைப் பெற்றவர் நாள்தோறும் உழக்கு நெய் அளக்கக் கடமைப்பட்டவர். அவ்வாடுகளைச் சாவா மூவாப் பேராடு என்றே கல்வெட்டுகள் குறிக்கும். ஆடு இறப்பினும் மூப்பினும் எண்ணிக்கை குறைதல் ஆகாது என்பது அத்தொடரின் பொருள். ஒப்பந்தத்தின் கடுமையை இதனினும் சுருக்கமாக எவ்வாறு கூறுவது?

தஞ்சைப் பெரிய கோயிலின் கல்வெட்டுகளில் இன்னும் விரிந்த சான்றுகள் உள்ளன. முதலாம் இராசராசன் காலத்தில் கோயில் நிதியிலிருந்து பல ஊர்ச்சபைகள் காசு பெற்றன. ஆண்டுதோறும் காசு ஒன்றுக்கு அரைக்கால் காசு, அஃதாவது நூற்றுக்குப் பன்னிரண்டரை, பொலிசையாகத் தருவதாக அவை உடன்பட்டன. இத்தகைய உடன்பாடுகள் சந்திரரும் சூரியரும் உள்ளளவும் நிற்பவை எனக் கூறப்பட்டன. வாரியத்தில் இருப்பவர் ஆண்டுதோறும் மாறினும் சபை அளித்த சொல் மாறுதல் கூடாது. இன்றைய சட்டம் ஊராட்சி மன்றத்தை உறுப்பினரின் வேறான, தொடர்ந்து நிலைபெறும் சட்டப்பிறவியாகக் கொள்வதும் இக்கருத்தை ஒட்டியதே.

சபை தன்னிச்சையாகவே இவற்றை எல்லாம் செய்ததா? இல்லை. கி.பி. 919இல் அரசனின் ஆணைப்படி தத்தனூர் மூவேந்தவேளான் என்னும் அதிகாரி சபையில் உடனிருந்தார். 921இல் சோழநாட்டிலிருந்து வந்த சோமாசிப் பெருமான் உடனிருந்தார். ஆயினும் அவ்வியவஸ்தையைச் செய்தவராகத் தம்மைக் கூறிக்கொள்பவர் சபையாரே. கல்வெட்டும் 'சபையோம்' என அவர்தம் கூற்றாகவே பேசுகின்றது. ஊரார் விதி செய்ய, அரசின் பிரதிநிதி உடனிருந்து காண, மத்தியஸ்தன் ஏட்டில் எழுத, இறுதியில் அது அனைவரும் காணும் சுவரில் இடம்பெற்றது. பெட்டிக்குள் பூட்டி வைத்த விதியை மாற்றுதல் எளிது. கோயிற்சுவரில் உள்ள விதியை மாற்ற வேண்டுமாயின் மற்றொரு கல்வெட்டே வேண்டும். மாற்றமும் அவ்வாறு வெளிப்படையாகவே நிகழ்ந்தது.

இங்கு ஒன்றை மறைத்தல் தகாது. உத்தரமேரூர் அந்தணர்க்கு அளிக்கப்பட்ட பிரமதேய ஊர். வேதக்கல்வியும் நிலவுடைமையும் உடைய ஆடவரே வாரியத்திற்கு உரியர். அந்நிலத்தை உழுதவர்க்கும் பெண்டிர்க்கும் அங்கு இடமில்லை. மேலும் குடவோலை என்பது திருவுளச்சீட்டு முறையே அன்றி, வாக்களித்தல் அன்று. உலகின் முதல் மக்களாட்சி என்று முழங்குவதால் நம் பெருமை உயர்ந்துவிடாது. கூர்மதி படைத்த மாணவன் ஒருவன் கல்வெட்டைத் தானே படிக்கும் நாளில் ஆசிரியரின் சொல் அவன் உள்ளத்தில் மதிப்பிழந்து போகும்.

உள்ளதை உள்ளவாறு கற்பித்தாலே போதும், உத்தரமேரூர் குறைந்துவிடாது. அதிகாரம் பெற்றவர்பால் ஐயங்கொள்ளல் குற்றமாகாது எனவும், கணக்குக் கேட்டல் அவமதிப்பு ஆகாது எனவும் அச்சபை உணர்ந்திருந்தது. தாம் எழுதிய விதியில் ஓட்டை கண்டபோது, அதனைக் கௌரவத்தின் பெயரால் மூடிவைக்காமல் அடைத்தது. வகுப்பறையில் 919ஆம் ஆண்டுக் கல்வெட்டை விளக்கும் ஆசிரியப் பெருமக்கள், 921ஆம் ஆண்டுக் கல்வெட்டையும் உடன்வைத்து, மாறியவை எவை, அவை எத்தீங்கைத் தடுக்கும் என மாணாக்கரையே காணச் செய்தல் வேண்டும். நாளை அவர்களுள் ஒருவர் பள்ளி வாரியத்திலோ, ஆலய நிருவாகத்திலோ, நகராண்மைக் கழகத்திலோ அமரக்கூடும். ஓர் ஒப்பந்தத்தில் கையொப்பமிடும் முன் அதனை முழுவதும் படிப்பதும், ஆண்டு முடிவில் கணக்கைத் தாமே முன்வந்து காட்டுவதும் அப்போது அவர்க்கு இயல்பாகிவிடுமாயின், வரலாற்றுப் பாடம் தன் பயனைத் தந்துவிட்டது எனக் கொள்ளலாம்.